துன்னமும் சீரும்

சங்கப் பாடல்களில் தைத்த துணி பெரும்பாலும் வறுமையின் அடையாளமாகவே வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் முன் வந்து நிற்கும் பொருநன் உடுத்தியிருப்பது, வியர்வையில் நனைந்து, வேற்று இழைகள் ஓடிய கந்தல். அதைக் களையச் செய்து, பாம்பின் உரி போன்ற மெல்லிய ஆடையை அரசன் அவனுக்குத் தருகிறான். புறநானூற்றின் 136-ஆம் பாடலில் துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரனிடம் தம் பகைகளை வரிசைப்படுத்துகிறார். முதலில் வரும் பகை, பல தையல்கள் போட்ட ஆடையின் இடுக்குகளில் குடியிருக்கும் பேன்! இவ்விடங்களில் தையலுக்குப் புலவர்கள் ஆளும் சொல் துன்னம் அல்லது துன்னல். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் துன்னகாரர்களும் இருக்கிறார்கள். காவியம் அவர்களைத் தொழிற்பெயரால் சுட்டிவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

இப்பகுதிகளை வகுப்பில் நடத்தும்போது உரையாசிரியர்கள் கேளாத கேள்வி ஒன்று நமக்குள் எழும். அந்தக் கந்தலைத் தைத்த கை எப்படிப்பட்டது? பொருநனின் மனைவியோ தாயோ போட்ட அந்தத் துன்னம் சீராக இருந்ததா? கிழிசலை மூடினால் போதும் என்று தைத்தாளா, அல்லது ஒவ்வொரு தையலும் ஒரே அளவில் விழவேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தைத்தாளா? சென்ற ஆண்டு ஒரு பழம்புடவைப் போர்வையை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தபோது, இக்கேள்வி பாடப்புத்தகத்தை விட்டிறங்கி மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது மூவரைக் குறிக்கும். அம்பத்தூரில் ஒரே வீட்டின் மருமகள்கள் இருவர். எதிர்வீட்டு அக்கா ஒருவர். எங்களில் ஒருத்தி கல்லூரியில் தமிழ் நடத்துபவள். அக்கா இருபது ஆண்டுகளுக்குமேல் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்; முதலில் தையல் இயந்திரத்தில், பிறகு தைத்த ஆடைகளைச் சோதிக்கும் மேசையில்.

பழம்புடவைப் போர்வையை அறியாத வீடு நம்மிடையே குறைவு. உடுத்தி உடுத்தி மெத்தென்றாகிவிட்ட நூற்புடவைகளை அடுக்கி, நடுவே பழைய வேட்டியை வைத்து, நெடுக ஓடுதையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகவும் போர்வையாகவும் ஆக்குவது. பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதைப் ‘பொந்த’ என்பார்கள். வங்காளத்தில் இதுவே ‘காந்தா’. நம் ‘கந்தை’யும் அவர்கள் ‘காந்தா’வும் வடமொழிக் ‘கந்தா’ என்ற ஒரே சொல்லின் கிளைகள் என்பது அகராதி வழக்கு. வங்கப் பெண்கள் பழம்புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துப் பூவும் மீனும் தைத்தார்கள். கணவனைப் பிரிந்த ஒருத்தி தன் வாழ்வையே அப்படியொரு போர்வையில் தைத்துவைப்பதை ஜசீமுத்தீன் 1929-இல் ஒரு காவியமாக எழுதினார். ஒரே சொல், அங்கே கலையின் பெயராயிற்று. இங்கே கிழிசலின் பெயராகவே நின்றுவிட்டது.

எங்களிடம் வந்த போர்வை அத்தையுடையது. அதாவது எங்கள் மாமியாருடையது. நாத்தனார் மகளுக்கு முதற்பிரசவம். கொள்ளுப்பேரக் குழந்தைக்குத் தம் கையால் ஒன்று தைக்கவேண்டும் என்று அத்தை தொடங்கியிருந்தார். அகலம் 36 அங்குலம், நீளம் 45 அங்குலம். மேலே கட்டம்போட்ட செட்டிநாட்டுப் புடவை, உள்ளே மாமாவின் வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் வெளிறிய சுங்குடி. ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக அகலவாட்டில் வரிகள். 23 வரிகள் முடித்தபின் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கிளௌகோமா எனப்படும் கண் அழுத்த நோய் அவர் பார்வையைப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருந்தது. அந்நோய் கொண்டுபோன பார்வை திரும்ப வருவதில்லை.

போர்வையை விரித்துப் பார்த்தோம். முதல் 17 வரிகள் கயிறு பிடித்தாற்போல நேராக இருந்தன. கடைசி ஆறு வரிகள் அலையாக வளைந்திருந்தன. சில இடங்களில் அரை அங்குலம்வரை விலகல். பார்வை போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவ்வாறு துணியில் பதிந்திருந்தன.

“அந்த ஆறு வரிய பிரிச்சுட்டு நீங்களே போடுங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க பாப்பாங்க” என்றார் அத்தை. குரலில் வருத்தம் தெரியாதபடி சொன்னார். ஓர்ப்படிக்கும் பிரித்துவிடலாம் என்றே பட்டது. வளைகாப்புத் தட்டில் வைக்கும் பொருளை நாலு பேர் எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? ஆனால் பழம்புடவையில் தையலைப் பிரித்தால் துளைகள் நிற்கும். நைந்த இழை இரண்டாம் முறை ஊசியைத் தாங்காமல் அறுந்துபோகவும் கூடும். அதைவிட, அத்தையின் கடைசித் தையல்களாக இருக்கக்கூடியவற்றைக் கத்தரிக்கோலால் எடுப்பதற்கு யார் கையும் முன்வரவில்லை. அக்காதான், “இருங்க, மொதல்ல அளந்து பாத்துடலாம்” என்று வீட்டுக்குப் போய் அளவு நாடாவைக் கொண்டுவந்தார்.

எங்கள் வட்டாரத்தில் அளவு என்பது வெறும் பேச்சன்று, பலருக்கு அது சோறு. 1964-இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ள ஏற்றுமதி ஆடைக் கூடங்களுக்கு அன்றாடம் காலையில் பெண்கள் வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் போய் இறங்குகிறார்கள். ஆவடியில் படைவீரர்களின் உடைகளைத் தைக்க 1961-இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. சீருடை என்ற சொல்லின் ‘சீர்’ வெறும் அடைமொழி அல்ல என்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். அக்காவின் சோதனை மேசையில் அதற்குப் பெயர் எஸ்.பி.ஐ.; ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்ற கணக்கு. சட்டையென்றால் பத்து, பன்னிரண்டு என்று ஒரு வரையறை இருக்கும். அதைவிட்டுக் குறைந்தாலும் கூடினாலும் துணி திரும்பிப் போகும்.

அக்கா ஒவ்வொரு வரியிலும் மூன்று நான்கு இடங்களில் நாடாவை வைத்து எண்ணினார். நேரான வரிகளில் அங்குலத்துக்கு ஐந்து. வளைந்த வரிகளிலும் ஐந்து. கடைசி வரி மிக அதிகமாக வளைந்திருந்தது, அங்கும் ஐந்து. கோடு வழிதவறிப் போயிருந்தது, தையல் தன் அளவைத் தவறவிடவில்லை. நாங்கள் தனித்துணியில் பழகிக்கொண்டிருந்த வரிகளையும் அவர் எண்ணினார். ஓரிடத்தில் ஆறு, அடுத்த விரற்கடையில் ஒன்பது.

“கண்ணு தெரியாம எப்படித்தை இது?” என்று ஓர்ப்படி கேட்டாள்.

“கோடுதான் போச்சு. குத்துறது எங்க போவும்? அடியில வெரல் இருக்குல்ல” என்றார் அத்தை.

கைத்தையலின் சீர்மை பற்றி நாங்கள் கற்றதெல்லாம் இந்த விடைக்குள் அடங்கும். அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

ஓடுதையல் மிக எளிய தையல். ஊசி இறங்கும், ஏறும், மீண்டும் இறங்கும். ஒற்றைத் துணியில் அதைச் சிறுபிள்ளைகூடப் போட்டுவிடும். நான்கு அடுக்கில்தான் சிக்கல். ஊசி சாய்வாக நுழைந்தால் மேலே தையல் நீண்டும் அடியில் குறுகியும் விழும். சில இடங்களில் அடித்துணியைத் தொடாமலேயே ஊசி மேலேறிவிடும். ஆகவே ஊசியை நெட்டுக்குத்தாக நிறுத்தி இறக்கவேண்டும். வலக்கை நடுவிரலில் விரலுறை. ஊசியின் காதுப்பக்கம் அதில் ஊன்றி நிற்கும். இடக்கை துணிக்கு அடியில் காத்திருக்கும். முனை அடிவிரலை இலேசாகத் தொட்ட கணத்தில் ஊசியைப் படுக்கவைத்து, அடிவிரலால் துணியைச் சற்று மேல்நோக்கித் தள்ளவேண்டும். துணியில் ஒரு சிறு மேடு எழும். ஊசிமுனை அம்மேட்டைத் துளைத்து எட்டிப்பார்க்கும். எவ்வளவு எட்டிப்பார்த்ததோ, மீண்டும் ஊசியை நிமிர்த்தி எங்கே இறக்குகிறோமோ, அவைதாம் தையலையும் இடைவெளியையும் தீர்மானிப்பவை. இதில் பாதி வேலை கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் நடக்கிறது. அத்தையின் இடக்கைச் சுட்டுவிரல் நுனியில் பல்லாண்டுக் காய்ப்பு இருக்கிறது. அளவுகோல் அங்கேதான் இருந்தது.

அக்கா இதைத் தம் தொழில்மொழியில் சொன்னார்: “மிஷின்லயும் அதான். அளவ அடிப்பல்லு பாத்துக்கும். நாம துணிய திருப்பி உடறதோட சரி.” தையல் இயந்திரத்தில் தகட்டுக்கு அடியிலிருக்கும் பற்கள் ஒவ்வொரு குத்துக்கும் துணியைச் சம தொலைவு நகர்த்துகின்றன. தைப்பவரின் கண்ணுக்குத் திசையைக் காப்பதே வேலை. கைத்தையலிலும் வேலை இவ்வாறே பிரிந்திருக்கிறது. திசை கண்ணைச் சேர்ந்தது. அளவு விரலைச் சேர்ந்தது. புதிதாகப் பழகுவோர் ஒவ்வொரு தையலையும் கண்ணால் அளக்க முயல்கிறார்கள். சிறிதாக விழுந்துவிட்டதென்று அடுத்ததை நீட்டுகிறார்கள். நீண்டுவிட்டதென்று அதற்கடுத்ததைக் குறுக்குகிறார்கள். திருத்தத் திருத்த வரி தள்ளாடுகிறது.

எனவே நாங்கள் கண்ணை வரியின் மீதும் கவனத்தை அடிவிரலின் மீதும் வைத்துப் பழகினோம். விரல் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் மற்றவை மாறாமல் இருக்கவேண்டும். ஊசி ஒன்றே இருக்கவேண்டும். இதற்கென்று ‘பிட்வீன்ஸ்’ என்னும் குட்டை ஊசிகள் கிடைக்கின்றன. எண் கூடக்கூட ஊசி குறுகும். தொடங்குபவர்களுக்கு எட்டு அல்லது ஒன்பதாம் எண் ஏற்றது. நூல் ஒற்றையாக, முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளம் போதும். நீண்டால் துணியில் உரசி உரசி நைந்து முடிச்சு விழும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் நூல் முறுக்கிக்கொள்ளாது. அடுக்குகள் வழுக்காதிருக்க முதலில் நடுவிலிருந்து வெளிப்புறமாக நாலு விரல் இடைவெளியில் பெரிய பெரிய தற்காலிகத் தையல் ஓட்டிவைக்கவேண்டும். வளையச் சட்டத்தில் மாட்டினால் துணியை உடுக்கைத் தோல்போல் இறுக்கக்கூடாது. இறுகிய துணியில் அடிவிரலால் மேடு எழுப்ப முடியாது. சித்திரை வெயிலில் விரல் வியர்த்து ஊசி நகராமல் அடம்பிடிக்கும்போது, நம் பாட்டிமார் செய்ததுபோல் தலைமுடியில் ஒருமுறை ஊசியை உரசிக்கொண்டால் எண்ணெய்ப் பசையில் வழுக்கிக்கொண்டு போகும். கட்டம்போட்ட புடவையோ தானே ஒரு வரைதாள். எந்த இழையோரம் போகவேண்டும் என்பதை நெய்தவரே கோடு போட்டுத் தந்திருக்கிறார்.

இன்னொன்று எண்ணிக்கை. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுக்காமல், சில தையல்களை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பது வழக்கம். ஊசியில் எத்தனை ஏற்றலாம்? எங்களில் தமிழ் நடத்துபவளுக்கு இங்கே யாப்பிலக்கணம் கைகொடுத்தது. இரண்டு ஏற்றினால் குறளடி, வேலை நகராது. மூன்று சிந்தடி. நான்கு அளவடி, நேரடி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஐந்து நெடிலடி. அதற்குமேல் கழிநெடிலடி, ஊசியில் துணி சுருங்கி, கடைசித் தையல்கள் அடியைத் தொடாமல் போய்விடும். எங்கள் துணியின் கனத்துக்கு அளவடியே பொருந்தியது. நாலு ஏற்று, ஓர் இழுப்பு. சில நாட்களில் ஓர்ப்படியும் அக்காவும்கூட, “ஒரு அடி முடிஞ்சுது” என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சமமான சந்தம் வந்துவிட்டால் சமமான தையல் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடுகிறது.

இனி எண்ணம் ஐந்தா எட்டா என்ற வழக்கு. மேல்நாட்டுக் கைத்தையல் நூல்களில் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் என்பது பெருமைக்குரிய இலக்கு. அது மெல்லிய பஞ்சு வைத்த துணிக்கு. நான்கு அடுக்குப் பழந்துணியில் ஐந்தே இயல்பு. தவிர, சிறிய தையலுக்கும் சீரான தையலுக்கும் வேறுபாடு உண்டு. கற்பிப்பவர்கள் எல்லோரும் முதலில் சீர், பிறகு சிறுமை என்றே சொல்கிறார்கள். ஜப்பானியரின் சஷிகோ தையலில் மேலே தெரியும் தையல் ஓர் அரிசிமணி அளவுக்குப் பெரியதுதான். ஆனால் தையல் மூன்று பங்கு, இடைவெளி இரண்டு பங்கு என்னும் விகிதம் மாறாமல் ஓடுவதால் அவ்வளவு அழகாக இருக்கிறது. தையலைப் போலவே இடைவெளியும் சீராக இருக்கவேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது.

சீர்மை யாருக்காக என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 1966-இல் உருவான ஃப்ரீடம் குயில்டிங் பீ என்னும் கூட்டுறவில் சேர்ந்து தைத்தார்கள். 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்துக்கு ஒரே மாதிரியான தலையணை உறைகளைத் தைத்துக் கொடுத்து ஊதியம் பெற்றார்கள். அந்த ஊதியத்தின் அருமையைக் குறைத்துச் சொல்ல நாம் யார்? ஆயினும் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறியவை, அவ்வூர்ப் பெண்கள் தம் வீட்டுக் குளிருக்காகத் தைத்த, கோடு கோணலான போர்வைகள். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். மேசையில் இருந்த காலத்தில் எத்தனையோ துணிகளைத் திருப்பியனுப்பியதாகவும், அவற்றில் எதையும் தைத்தவளின் பெயர் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். “இது யாரு தச்சதுன்னு தெரியும். அதனால பிரிக்க வாணாம்” என்றார். அத்துடன் வழக்கு தீர்ந்தது.

பிரிக்காமல் எப்படித் தொடர்வது? அத்தையின் 23-ஆம் வரி வளைந்திருக்க, எங்கள் 24-ஆம் வரியை நேராகப் போட்டால் இடையில் பிளவு தெரியும். ஆகவே முதல் வரியை அவருடைய வளைவை ஒட்டியே போட்டோம். அடுத்த வரியில் வளைவைச் சற்றுக் குறைத்தோம். இப்படி ஒன்பதாம் வரியில் அலை அடங்கி நேர்க்கோடாயிற்று. எஞ்சிய வரிகள் அனைத்தும் நேர். குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து அலை தணிந்துகொண்டே போவதுபோல இருந்தது. 22 வரிகள், வரிக்கு 180 தையல், மொத்தம் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சனி, ஞாயிறு பிற்பகல்களில், கிழக்கு வாசல் திண்ணையில், ஒருவர் களைத்தால் அடுத்தவர் என்று தைத்தோம். ஒருவர் கைக்கும் மற்றவர் கைக்கும் வேற்றுமை ஓரிடத்தில் குவியாதிருக்க, வரிக்கு வரி ஆளை மாற்றிக்கொண்டோம்.

ஒவ்வொரு வாரமும் போர்வை அத்தையின் மடிக்குப் போகும். அவர் கட்டைவிரலை வரியின் மீது ஓட்டுவார். ஏடு படிப்பதுபோல மெல்லப் போகும் விரல், சில இடங்களில் நிற்கும். “இங்க யாரு பேசிகினு இருந்தீங்க?” என்பார். அவ்விடத்தில் நாடா வைத்தால் ஐந்துக்குப் பதில் ஆறு இருக்கும். ஒருமுறை, “இந்த வரி முச்சூடும் என்ன, சீரியல் ஓடிச்சா?” என்றார். மேசைச் சோதனையில் இருபதாண்டு பழகிய அக்கா நாடாவை மடித்து வைத்துவிட்டு, அன்றுமுதல் அத்தையின் கட்டைவிரலையே ஒப்புக்கொண்டார். 40-ஆம் வரியை அத்தை முழுவதும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போனார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ்.

கடைசி வரியில் நான்கு விரற்கடை மிச்சம் வைத்து, நூல் கோத்த ஊசியை அவர் கையில் கொடுத்தோம். வரியின் திசைக்கு ஓர்ப்படி தன் விரலைத் துணியின்மேல் கோடாக வைத்துக்கொண்டாள். அத்தை அவ்விரலோரமாகவே தைத்துக்கொண்டு போனார். முடிச்சைத் துணியின் அடுக்குகளுக்குள் இழுத்து மறைத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்தார். அங்குலத்துக்கு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

ஏழாம் மாதத்து வளைகாப்பில் சீர்வரிசைத் தட்டொன்றில் போர்வை போனது. சம்பந்தியம்மாள் அதை விரித்துப் பார்த்தார். வளைவு தொடங்கும் இடத்தில் கை வைத்து, “இது என்ன, ஆறு மாதிரியா?” என்று கேட்டார். நாத்தனார் ஆமென்று தலையாட்டினாள். அத்தை ஏதும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் பூந்தமல்லியில் தம் தாய் தைத்த போர்வைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

வாசக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழம்புடவைப் போர்வைக்கு உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் என்ன பெயர்? மூட்டைமூட்டையாகக் கந்தலைப் பாடிய நம் இலக்கியத்தில், அதைச் சீராகத் தைத்தவர்கள் இட்ட பெயர்கள் ஏறவில்லை. பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், அவர்கள் தைத்ததில் ஒரு வரியை எடுத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணியும் பாருங்கள்.